எல்லைக் கல்லுக்கு அப்பால் நிற்பவர்களை வழிநடத்துதல்

வாசகர் கேள்வி: வடக்கில் உள்ள பாதுகாக்கப்பட்ட பிரதேசம் ஒன்றின் பொறுப்பதிகாரியாக ஐந்து மாதங்களுக்கு முன்னர் பதவி உயர்வு பெற்றேன். எனக்கு வயது 34. விலங்கியலில் பட்டம் பெற்றவன். பறவைகளையும் சட்டத்தையும் ஓரளவு நன்றாகவே அறிவேன். ஆனால் எனக்குக் கீழ் வேலை செய்யும் 11 பேரில் பாதிப்பேர் என்னிலும் மூத்தவர்கள். அவர்களுள் 25 வருட அனுபவம் உள்ள ஒருவர், நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுத் தன் விருப்பப்படியே செய்கிறார். ஊர்க் கூட்டம் வைத்தால் ஒருவரும் வருவதில்லை. பிடித்த வலைகளை விடச் சொல்லித் தொலைபேசி அழைப்புகள் வருகின்றன. தலைமைத்துவப் பயிற்சி பெற்றால் நிலைமை சீராகும் என்று நினைக்கிறேன். கொழும்பில் மூன்று நாள் செயலமர்வு, இந்தியாவில் மூன்று மாதச் சான்றிதழ்ப் பயிற்சி, இங்கேயே இரண்டு வருட முதுமாணிப் படிப்பு என மூன்று வழிகள் உள்ளன. எதைத் தெரிவுசெய்வது? தலைமைத்துவம் படித்து வரக்கூடியதா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்:

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தலைமைத்துவம் படித்து வரக்கூடியதுதான். இருபது வருடங்களுக்கு மேலாக வன, வனசீவராசி உத்தியோகத்தர்களோடும் கரையோரச் சங்கங்களோடும் பயிற்சி வேலை செய்துவரும் எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது வகுப்பறையில் இருந்து எடுத்துவரும் சாமான் அல்ல. நீங்கள் எந்தச் சிக்கலைக் கையில் கொண்டு வகுப்பறைக்குள் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தே வெளியில் கொண்டுவருவதும் அமையும். ஆகவே மூன்று வழிகளில் மூன்று மாதப் பயிற்சியையே நான் தெரிவுசெய்வேன். அதுவும் இந்த வருடம் அல்ல, அடுத்த வருடம். இடைப்பட்ட மாதங்களில் செய்யவேண்டிய வேலைகள் உங்கள் இடத்திலேயே இருக்கின்றன. அவற்றைச் செய்யாமல் போனால் நல்ல குறிப்புகளோடும் சான்றிதழோடும் திரும்பி வருவீர்கள். இப்போது இருக்கும் இதே நாற்காலியில், இதே மனநிலையோடு மீண்டும் அமர்வீர்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்க வேண்டும். ஒரு பாடசாலையின் அதிபரையோ ஆலையொன்றின் முகாமையாளரையோ எடுத்துக்கொண்டால், அவர்களுடைய வேலை நன்றாக நடப்பதற்கும் நடவாமற் போவதற்குமான காரணங்களில் பெரும்பகுதி அவர்களுடைய படலைக்கு உள்ளேயே இருக்கும். பாதுகாக்கப்பட்ட பிரதேசத்தைப் பொறுப்பேற்றவரின் நிலை அப்படி அல்ல. வடக்கில் கடனீரேரியோடு கூடிய சுண்டிக்குளம் தேசிய பூங்காவைப் பாருங்கள். கனகராயன் ஆற்றின் நீர் இரணைமடுக் குளத்துக்கு வந்து, வான்கதவுகள் திறக்கும் காலத்தில் வடக்கே ஓடி அந்தக் கடனீரேரியில் விழுகிறது. எந்தக் கிழமையில் எவ்வளவு நன்னீர் வருகிறது, கடலோரத்து மணல் திட்டு அடைத்துக் கிடக்கிறதா உடைந்திருக்கிறதா என்பனவே அங்கே நீரின் உப்புத்தன்மையையும் ஆழத்தையும் தீர்மானிக்கின்றன. அவற்றைப் பொறுத்தே இறாலின் வரவும், ஆழங்குறைந்த உவர்நீரில் அலகைக் கவிழ்த்து இரை தேடும் பூநாரைகளின் வரவும் அமைகின்றன. அந்த வான்கதவைத் திறப்பதும் பூட்டுவதும் நீர்ப்பாசனத் திணைக்களம். வலைக்கு அனுமதி கொடுப்பது கடற்றொழில் திணைக்களம். கரையோர நிலம் பற்றிய அலுவல் பிரதேச செயலகத்தில். இரவில் கரையில் நிற்பது கடற்படை. பூங்காப் பொறுப்பதிகாரிக்கு இவர்களில் ஒருவருக்குக்கூடக் கட்டளையிடும் அதிகாரம் இல்லை. ஆனால் பறவை வராவிட்டால் கேள்வி அவரிடந்தான் வரும்.

ஆகவே உங்கள் தொழிலில் தலைமைத்துவம் என்பது கட்டளையிட முடியாதவர்களோடு சேர்ந்து ஒரு காரியத்தை நடத்தி முடிக்கும் ஆற்றல். உங்கள் 11 பேரை நடத்துவது அதில் ஒரு பகுதி மாத்திரமே. பெரும்பாலான தலைமைத்துவச் செயலமர்வுகள், கொழும்பில் நடப்பவை உட்பட, அலுவலகத்துக்கு உள்ளே இருக்கும் ஆட்களை நடத்துவதைப் பற்றியே பேசுகின்றன. வங்கி உத்தியோகத்தருக்கும் காப்புறுதி முகாமையாளருக்கும் பொருந்தும் பாடத்தையே உங்களுக்கும் தருகின்றன. அந்த மூன்று நாட்களும் வீண் என்று சொல்லமாட்டேன். திணைக்களம் செலவை ஏற்றால் போய் வாருங்கள். கூட்டத்தை நடத்தும் முறை, நேரத்தைப் பங்கிடும் முறை போன்றவற்றில் பயன் கிடைக்கும். அதற்குமேல் அதில் எதிர்பார்க்க வேண்டாம்.

ஊரவர்கள் கூட்டத்துக்கு வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் வராததற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதை நீங்கள் அறிந்தே இருப்பீர்கள், ஆனால் உங்கள் வேலையோடு சேர்த்து யோசித்திருக்கமாட்டீர்கள். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி சரணாலயம் ஒன்றுக்குள் தனியார் காணியும் அடங்கலாம். தேசிய பூங்கா அரச காணியில் மாத்திரமே அமையலாம், அதற்குள் அனுமதியின்றி நுழைய முடியாது. சுண்டிக்குளம் 1938இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2015இல் தேசிய பூங்காவானது. நெடுந்தீவின் ஒரு பகுதியும் அதே வருடத்தில் தேசிய பூங்காவாக்கப்பட்டது. இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் என்ன நடந்தது என்பதை எங்கள் ஆட்களுக்கு எழுதிக் காட்ட வேண்டியதில்லை. இடம்பெயர்ந்து, பல இடங்களில் இருந்து, திரும்பி வந்து, பாட்டன் காலத்துப் பாதையைத் தேடிப்போன ஒருவருக்கு அந்தப் பாதையின் குறுக்கே புதிய எல்லைக் கல் ஒன்று தென்பட்டால், கல்லின் பின்னால் இருக்கும் வர்த்தமானி அறிவித்தல் அவருக்குத் தெரிவதில்லை, கல்தான் தெரிகிறது. உங்கள் சீருடையும் அந்தக் கல்லின் நிறந்தான். அறிவித்தல் நியாயமானதா இல்லையா என்பது வேறு விவாதம். பூநாரையும் வாத்தும் தங்குவதற்கு இடம் வேண்டும் என்பதில் நான் உங்கள் பக்கமே நிற்கிறேன். ஆனால் அந்த மனிதரின் மனதில் இருக்கும் கேள்விக்கு இடம் கொடுக்காத எந்தக் கூட்டத்துக்கும் அவர் வரப்போவதில்லை.

இதை நான் என் சொந்தத் தவறு ஒன்றின் மூலந்தான் கற்றேன். வேலைக்கு வந்த தொடக்க காலத்தில் கடனீரேரிக் கரையில் உள்ள ஒரு கிராமத்தில் கலந்துரையாடல் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தேன். சனசமூக நிலையத்தில் காலை 10 மணிக்கு அறுபது கதிரைகள் போட்டு, தேநீருக்கும் வடைக்கும் சொல்லிவைத்திருந்தேன். வந்தவர்கள் நால்வர். அறிக்கையில் "பொதுமக்களின் பங்குபற்றல் திருப்திகரமாக இல்லை" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். பிரதியை வாசித்த கிராம அலுவலர் என்னைக் கூப்பிட்டு, "இரவு முழுக்க இறாலுக்கு நிண்டவன் பத்து மணிக்கு நித்திரை கொள்ளுவானோ, உங்கடை கதையைக் கேப்பானோ?" என்று கேட்டார். அந்த வசனத்தை அறிக்கையில் இருந்து வெட்டவேண்டும் என்று அப்போதே விளங்கியது.

அடுத்த கிழமை விடியற்புறம் நாலரை மணிக்கு, மீனவர்கள் கரையில் போட்டிருக்கும் கொட்டிலான வாடிக்குப் போனேன். சாக்கு விரித்து, ரோர்ச் வெளிச்சத்தில் ஆறேழு பேர் இறால் தெரிந்துகொண்டிருந்தார்கள்: பெரியது ஒரு பேசினுக்குள், சின்னது இன்னொன்றுக்குள், பாசியும் நண்டுக் குஞ்சும் வெளியே. வியாபாரி தராசை மோட்டார் சைக்கிளில் வைத்தபடி காத்து நின்றார். ஒருவரும் தலை நிமிர்த்திப் பார்க்கவில்லை. நானும் ஓரமாகக் குந்தினேன். பத்து நிமிடம் கழித்து ஒரு முதியவர் ஒன்றும் பேசாமல் ஒரு பேசினை என் பக்கம் தள்ளிவிட்டார். ஒரு மணித்தியாலம் இறால் தெரிந்தேன். விரல் நுனியெல்லாம் கீறல். வியாபாரி போன பிறகுதான் அந்த முதியவர் வாய் திறந்தார்: "உந்தக் கல்லை ஆர் தம்பி நட்டது? எங்கடை வாடிக்குப் பின்னாலை நட்டிருக்கினம். ஒரு சொல்லுக் கேட்டவையோ?" எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். அடுத்த செவ்வாய்க்கிழமை விசாரித்துக்கொண்டு வருகிறேன் என்றும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை வரைபடத்தின் பிரதியோடு அதே நேரத்துக்குப் போனேன். கல் சரியான இடத்தில்தான் இருந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் சொன்ன நாளில் வந்தேன் என்பதை அவர் மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அந்த ஊரில் நான் வைத்த கூட்டங்கள் பின்னேரம் நாலு மணிக்கு, வாடியிலேயே நடந்தன, ஆட்கள் வந்தார்கள்.

இதில் நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது பணிவு அல்ல, முறை. உங்கள் முன் இருக்கும் சிக்கல்கள் இரண்டு வகையானவை என்பதைப் பிரித்து அறிவதே இந்தத் துறையின் நல்ல பயிற்சிகள் முதலில் கற்பிக்கும் பாடம். அறிவாலும் கருவியாலும் தீர்க்கக்கூடியவை ஒரு வகை: பறவைக் கணக்கெடுப்பு, தீத்தடுப்புக் கோடு, வழக்குக் கோவை எழுதுதல், வாகனப் பராமரிப்பு. இவற்றைத் தெரிந்தவரிடம் கேட்டுப் படித்து நாளைக்கே செய்துவிடலாம். மற்ற வகையில், சம்பந்தப்பட்ட மனிதர்கள் தங்கள் பழக்கத்தையோ உரிமைக் கோரிக்கையையோ எதிர்பார்ப்பையோ ஓரளவு விட்டுக்கொடுத்தால் அன்றித் தீர்வு கிடையாது. அப்படி விட்டுக்கொடுப்பவர்களின் பட்டியலில் உங்கள் திணைக்களமும் நீங்களும் அடங்குவீர்கள். கூட்டத்துக்கு ஆள் வராததை முதலாவது வகைச் சிக்கலாக எண்ணி, ஒலிபெருக்கி கட்டிக் கூடுதலாக அறிவித்தல் செய்பவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

இனி, 25 வருட அனுபவம் உள்ள அந்த உத்தியோகத்தர். அவரைப் பற்றி நீங்கள் எழுதிய வரியில் உங்கள் மனக்கசப்புத் தெரிகிறது, அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவர் இருக்கும் இடத்தில் இருந்து பாருங்கள். 25 வருடத்தில் பல பொறுப்பதிகாரிகள் அவருக்கு மேலே வந்து, புதிய திட்டம் சொல்லி, இடமாற்றம் பெற்றுப் போயிருப்பார்கள். தலையாட்டிவிட்டு இருப்பதே பாதுகாப்பு என்று அவர் அனுபவத்தால் கண்டுகொண்டவர். அவரைத் திருத்துவதற்கு முன்னர் அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். நடிப்பாக அல்ல, உண்மையாகவே. எந்தத் திசையால் காட்டுப்பன்றிப் பொறிகாரர் வருகிறார், எந்த மாதத்தில் எந்தப் பிட்டி நீரில் தாழும், எந்தக் குடும்பத்துக்கும் எந்தக் குடும்பத்துக்கும் பேச்சில்லை என்பவை எந்த வரைபடத்திலும் இல்லை, அவரிடம் இருக்கின்றன. காலை நேரத்து ஒன்றுகூடலில், எல்லோர் முன்னிலையிலும், "அண்ணை, இந்தப் பக்கத்து ரோந்தை நீங்கள் எப்படிப் போடுவீர்கள்?" என்று கேளுங்கள், அவர் சொல்வதில் சரியானதை அன்றைக்கே நடைமுறைப்படுத்துங்கள், அவர் பெயரைச் சொல்லியே செய்யுங்கள். அவர் செய்யும் பிழையை மாத்திரம் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டு தடவை சொல்லியும் மாறாவிட்டால் எழுத்தில் கொடுங்கள். மூப்பை மதிப்பதும் ஒழுங்கைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகை என்று நினைத்து இரண்டில் ஒன்றைக் கைவிடும் இளம் அதிகாரிகள் பலர். இரண்டையும் ஒரே நாளில் செய்யலாம்.

உங்கள் 11 பேரில் தமிழ் பேசுபவர்களும் சிங்களம் பேசுபவர்களும் கலந்திருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் காலை அறிவுறுத்தலை இரண்டு மொழியிலும் நீங்களே சொல்லப் பழகுங்கள். உங்கள் சிங்களம் தட்டுத்தடுமாறினாலும் பரவாயில்லை. ஒருவர் மொழிபெயர்க்க மற்றவர் கேட்கும் குழுவில், மொழிபெயர்ப்பவரே மெல்ல மெல்ல உண்மையான பொறுப்பதிகாரி ஆகிவிடுவார்.

தொலைபேசி அழைப்புகள் பற்றிய உங்கள் வரி மிகவும் சிறியது. ஆனால் மூத்தவரின் தலையாட்டலுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று நான் நினைக்கிறேன். இடுப்பளவு தண்ணீரில் இரவிரவாக நின்று தடைசெய்த வலையைப் பிடித்து வந்தவர்கள், விடிந்ததும் ஒரு அழைப்பினால் அந்த வலை சொந்தக்காரரிடம் திரும்பிப் போவதைப் பார்த்தால், அடுத்த முறை அந்த வலையை அவர்கள் காணமாட்டார்கள். அதற்குப் பிறகு நீங்கள் எந்தத் தலைமைத்துவப் பாடத்தைப் படித்து வந்தாலும் அவர்கள் செவியில் ஏறாது. ஆகையால் இதில் ஒரே ஒரு கட்டுப்பாட்டை இன்றைக்கே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்: வரும் ஒவ்வொரு அழைப்பையும், அழைத்தவர், நேரம், கேட்ட காரியம் என்பவற்றோடு, சம்பவப் பதிவேட்டில் உங்கள் கையாலேயே எழுதுங்கள், எழுதப்போகிறேன் என்பதை அழைத்தவரிடமும் மரியாதையாகச் சொல்லுங்கள். "ஐயா, நீங்கள் சொன்னதைப் பதிவில் போடுகிறேன், எழுத்தில் ஒரு துண்டு தந்தால் கோவையில் சேர்க்கிறேன்" என்பது போதும். வலையை விடுவிப்பதுதான் சட்டப்படி சரியென்று கண்டால் அதையும் காரணத்தோடு நீங்களே எழுதி, பிடித்தவர்களைக் கூப்பிட்டு விளக்குங்கள். கீழே உள்ள ஒருவரிடம் "பார்த்து விட்டுவிடுங்கோ" என்று வாயால் சொல்வது மட்டும் வேண்டாம். இப்படி எழுதத் தொடங்கினால் உங்களுக்குச் சிரமம் வரக்கூடும், இடமாற்றங்கூட வரலாம். அதை மறைத்து உங்களுக்கு ஆலோசனை சொல்வது நேர்மை ஆகாது. ஆனால் உங்கள் ஆட்கள் உங்களை நம்புவதற்கு இதைவிடக் குறுகிய வழி எனக்குத் தெரியவில்லை.

பயிற்சிக்குப் போவதற்கு முன்னர் செய்யவேண்டியவை என்று மேலே குறிப்பிட்டேன். அவற்றில் மிக முக்கியமானது எல்லை நடை. உங்கள் பிரதேசத்தின் முழு எல்லையையும், ஒரு பகுதிகூட விடாமல், கால்நடையாகவும் தோணியிலும் சுற்றி வாருங்கள். ஒரே நாளில் வேண்டாம். கிழமைக்கு ஒரு பகுதியாக, அந்தந்தப் பகுதியின் கிராம அலுவலர், கடற்றொழிலாளர் சங்கத்தில் ஒருவர், மாடு சாய்ப்பவர் ஒருவர், உங்கள் குழுவில் இருவர் என ஐந்தாறு பேராகப் போங்கள். சங்கத் தலைவரை மட்டும் கூட்டிக்கொண்டு போனால் தலைவரின் எல்லைதான் தெரியவரும். நண்டு பொறுக்கும், விறகு எடுக்கும் பெண்களுள் ஒருவரையும் கேட்டு அழையுங்கள். அவர்கள் பாவிக்கும் பாதைகள் ஆண்களுக்குத் தெரியாதவை. வரைபடத்தின் கோடும் ஊரவர் நினைவின் கோடும் விலகும் ஒவ்வொரு இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். குறிக்கும்போது ஒன்றையும் வாக்களிக்க வேண்டாம். எல்லையை மாற்றுவது உங்கள் கையில் இல்லை, அதற்கு வர்த்தமானி வேண்டும் என்பதை அங்கேயே, அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். உங்களால் செய்யக்கூடியது, அந்தக் குறிப்பை முறையாக மேலிடத்துக்கும் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவுக்கும் அனுப்பி, என்ன பதில் வந்தது என்பதைத் திரும்பிப் போய்ச் சொல்வது. பதில் வராவிட்டால், வரவில்லை என்று போய்ச் சொல்வதும் வேலைதான்.

எல்லை நடை முடிந்த பின்னர், மழை நாள் ஒன்றில் உங்கள் 11 பேரையும் அலுவலகத்தில் இருத்தி ஒரு பயிற்சியைச் செய்யலாம். உலக வங்கியும் உலக இயற்கை நிதியமும் சேர்ந்து 2002இல் வெளியிட்ட முகாமைத்துவ மதிப்பீட்டுப் படிவம் ஒன்று உண்டு. பல நாடுகளில் பாதுகாக்கப்பட்ட பிரதேசங்களை மதிப்பிடுவதற்கு அதையும் அதன் பின்வந்த வடிவங்களையும் பாவிக்கிறார்கள். அதில் சுமார் 30 கேள்விகள் உள்ளன: எல்லை எல்லோருக்கும் தெரியுமா, ஆளணி போதுமா, உபகரணம் பராமரிக்கப்படுகிறதா, அயலில் உள்ள மக்களுக்குத் தீர்மானங்களில் பங்கு உண்டா என்றவாறு போகும். ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் மூன்று வரை புள்ளி. வழமையாகப் பொறுப்பதிகாரியே தனியாக இருந்து நிரப்பி மேலே அனுப்பிவிடுவார். நீங்கள் அப்படிச் செய்யாமல், ஒவ்வொருவரும் பெயர் எழுதாமல் தனித்தனியாகப் புள்ளி போடும்படி சொல்லி, தாள்களைச் சேர்த்து, ஆகக் கூடிய வித்தியாசம் உள்ள மூன்று கேள்விகளை மட்டும் எடுத்துக் கதையுங்கள். உபகரணத்துக்கு நீங்கள் இரண்டு போட்டிருக்க, ரோந்து போகிறவர் பூச்சியம் போட்டிருப்பார். காரணம் கேட்டால், மழைச்சட்டை இரண்டுதான் இருக்கிறது, அதில் ஒன்று கிழிந்தது என்பார். ஒரு பின்னேரத்தில் உங்கள் குழுவைப் பற்றி நீங்கள் அறியும் விடயங்கள் ஐந்து மாதத்தில் அறியாதவையாக இருக்கும். மழைச்சட்டையை அந்த மாதத்துக்குள் வாங்கிக் கொடுங்கள். கொள்வனவு நடைமுறை இழுபட்டாலும் விடாமல் பின்தொடருங்கள்.

பயிற்சி நிறுவனங்கள் பற்றி. எங்கள் நாட்டில் கிரித்தலையில் உள்ள வனசீவராசிகள் பயிற்சி நிலையத்தை நீங்கள் ஏற்கெனவே கண்டிருப்பீர்கள். களத்திறனுக்கும் சட்ட நடைமுறைக்கும் அதுவே அடித்தளம். இந்தியாவில், 1982இல் நிறுவப்பட்ட டெராடூன் வனசீவராசிகள் நிறுவனம், உத்தியோகத்தர்களுக்காகப் பத்து மாத டிப்ளோமாவையும் மூன்று மாதச் சான்றிதழ்ப் பயிற்சியையும் நெடுங்காலமாக நடத்திவருகிறது. அயல்நாட்டு உத்தியோகத்தர்களும் அவற்றில் சேர்ந்து படித்திருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் மூன்று மாதப் பயிற்சி அதுவாயின், அதன் பெறுமதியில் பாதி காட்டுக்குள் நடக்கும் களப் பயணங்களில் இருக்கிறது, மீதியில் பெரும்பகுதி உங்களைப் போன்ற சிக்கலோடு வந்திருக்கும் சக பயிலுனர்களிடம் இருக்கிறது. ஆபிரிக்காவில் தன்சானியாவின் முவேக்காக் கல்லூரி 1963 முதல் இதே வேலையைச் செய்கிறது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பாதுகாக்கப்பட்ட பிரதேச முகாமைத்துவ நிலையம் நடத்திவந்த பயிற்சிகளில் எனக்குப் பிடித்த அம்சம், பல நாட்டுப் பொறுப்பதிகாரிகளை ஒன்றாகக் கூட்டிக்கொண்டு பூங்காவில் இருந்து பூங்காவாகப் பயணம் செய்து, ஒவ்வோர் இடத்திலும் அந்தந்தப் பொறுப்பதிகாரியின் உண்மையான சிக்கலையே பாடமாக எடுத்துக்கொள்வது. எந்தப் பயிற்சிக்கு விண்ணப்பித்தாலும் இதைத்தான் விசாரியுங்கள்: நாங்கள் எங்கள் சொந்தச் சிக்கலைக் கொண்டுவரலாமா? களத்தில் எத்தனை நாட்கள்? முடிந்து ஆறு மாதத்தின் பின்னர் யாராவது எங்களைத் தொடர்புகொண்டு என்ன நடந்தது என்று கேட்பார்களா? மூன்றாவது கேள்விக்கு ஆம் என்று பதில் சொல்லும் பயிற்சிகள் குறைவு. சொன்னால் உடனே சேருங்கள்.

முதுமாணிப் படிப்பு நல்லதுதான். ஆனால் இப்போது உங்களுக்குக் குறைவாக இருப்பது பாட அறிவு அல்ல. நான்கைந்து வருடம் பொறுப்பில் இருந்த பின்னர், உங்களுக்கென்று ஓர் ஆய்வுக் கேள்வி தோன்றும்போது அதைச் செய்யலாம்.

இந்தியாவுக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால், பாடநெறிக்கு வெளியே இரண்டு இடங்களைப் பார்த்துவரும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒன்று கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகம், தேக்கடிப் பக்கம். வயணை எனப்படும் காட்டுக் கறுவாவின் பட்டையைக் களவாக உரித்து விற்று வாழ்ந்த 23 பேர், 1990களின் பிற்பகுதியில் அங்கிருந்த வன அதிகாரிகளோடு உடன்பாட்டுக்கு வந்து, பயணிகளுக்குக் காட்டுவழி காட்டுபவர்களாகவும் காட்டைக் காப்பவர்களாகவும் மாறினார்கள். காட்டின் ஒவ்வொரு ஒற்றையடிப் பாதையும் அவர்களுக்குத் தெரியும் என்பதுதான் அவர்கள் மீதிருந்த குற்றம். பின்னர் அதுவே அவர்களுடைய தகைமையாயிற்று. அதே காப்பகத்தில் அயற்கிராமப் பெண்கள் 2002 முதல் 'வசந்த சேனை' என்ற பெயரில், சம்பளம் இல்லாமல், முறைவைத்துப் பகல் ரோந்து போகிறார்கள். அந்தப் பெண்களோடு ஒரு நாள் நடந்து பாருங்கள். அவர்களை அங்கே கொண்டுவந்தது எந்தக் கட்டளையும் அல்ல.

மற்றது வேடந்தாங்கல். சென்னையில் இருந்து அரை நாள் பயணந்தான். பறவைகளைச் சுடுவதற்கு எதிராக ஊரவர்கள் அந்நாளைய செங்கல்பட்டு ஆட்சியரிடம் முறையிட்டு, 1798இல் எழுத்தில் உரிமை பெற்றதாக அந்த ஏரிக்கு ஒரு வரலாறு உண்டு. மரங்களில் தங்கும் பறவைகளின் எச்சம் ஏரியில் கலந்து, அந்த நீர் வயலுக்கு உரமாகப் போவதை அவர்கள் பரம்பரையாகக் கண்டிருந்தார்கள். பறவைக்கும் நெல்லுக்கும் இடையில் உள்ள அந்தத் தொடர்பை எந்தத் திணைக்களமும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. உங்கள் கடனீரேரியில் பூநாரை வருவதற்கும் இறால் படுவதற்கும் வேண்டிய நீர் ஒன்றுதான் அல்லவா? அதை உங்கள் மீனவர்கள் உங்களைவிட நன்றாக அறிவார்கள். நீர்ப்பாசனத் திணைக்களத்தோடு வான்கதவு பற்றிக் கதைக்கப் போகும் நாளில், உங்களோடு அவர்களில் இருவரும் வந்து அமர்ந்தால், அந்தக் கூட்டம் வேறு மாதிரி நடக்கும்.

விண்ணப்பத்தைப் பற்றி ஒரு சொல். "தலைமைத்துவ ஆற்றலை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்" என்று தொடங்கும் விண்ணப்பங்களைத் தெரிவுக் குழுவில் இருந்து நானும் நூற்றுக்கணக்கில் வாசித்திருக்கிறேன். ஒன்றுகூட நினைவில் இல்லை. நீங்கள் எல்லை நடையில் கண்ட ஒரே ஒரு இடத்தைப் பற்றி எழுதுங்கள்: அங்கே கோடு எங்கே போகிறது, ஊரவர் என்ன சொல்கிறார்கள், பறவைக்கு அந்த இடம் ஏன் தேவை, எந்தெந்தத் திணைக்களம் சம்பந்தப்படுகிறது, நீங்கள் என்ன முயன்றீர்கள், எது சரிவரவில்லை. இரண்டு பக்கம் போதும். தவறிய முயற்சியை மறைக்காமல் எழுதுங்கள். தெரிவுக் குழுவில் அனுபவம் உள்ளவர் ஒருவராவது இருந்தால் அந்தப் பந்தியில்தான் நின்று வாசிப்பார்.

மாரி மழை ஒக்டோபரில் பிடித்துவிடும். அதோடு வலசைப் பறவைகளும் இறங்கத் தொடங்கும், உங்களுக்கு மூச்சுவிட நேரம் இராது. சேறு படிவதற்கு முன்னர், ஓகஸ்ட், செப்ரெம்பர் மாதங்களில் எல்லை நடையை முடித்துக்கொள்ளுங்கள். வாடிக்கு முதல் தடவை போகும்போது சீருடையோடு போங்கள், ஆனால் தனியாகப் போங்கள். சீருடை இல்லாமல் போனால் எதையோ உளவு பார்க்க வந்ததாக நினைப்பார்கள், நாலு பேரோடு போனால் பிடிக்க வந்ததாக நினைப்பார்கள். விண்ணப்பத்தின் முதல் வரைவை எழுதி முடித்ததும், இடப்பெயர்களை நீக்கி, எனக்கு அனுப்பிவையுங்கள். வாசித்துக் குறிப்பு எழுதித் தருகிறேன்.